கிணற்றடிக்குப் போகும் போர்வை: துண்டுத்துணித் தையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்காவின் முதல் பிள்ளைக்காக நான் தைத்த போர்வைதான் எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தது. அம்மம்மாவின் இரண்டு நூல்சீலைகள், அப்பாவின் பழைய சாரம், அப்பப்பாவின் வெள்ளை வேட்டி, ஒரு தையற்கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத்துண்டுகள் என்று ஒரு மூட்டைத் துணியைச் சதுரங்களாக வெட்டி, இரண்டு மாதம் இருந்து தைத்தேன். கனடாவுக்குப் பொதி அனுப்புவதற்கு முதல் நாள், தூசி போகட்டும் என்று கிணற்றடியில் ஒருமுறை நனைத்தேன். கொடியில் விரித்தபோது வேட்டிச் சதுரங்கள் அத்தனையும் இளஞ்சிவப்பாகிவிட்டன. வெட்டுத்துண்டுகளில் இருந்த ஒரேயொரு சிவப்புச் சீத்தைத் துணி செய்த வேலை அது.

விரித்து வைத்து அழகு பார்க்கும்போது எந்தப் போர்வையும் நன்றாகத்தான் இருக்கும். அதன் குறைகள் வெளிப்படுவது முதல் துவைப்பில். ஆகவே துணியைத் தெரிவுசெய்வதிலிருந்து ஓரம் அடிப்பது வரை ஒவ்வொன்றையும் ‘இது கிணற்றடிக்குப் போய்வந்தால் என்னவாகும்?’ என்று கேட்டே முடிவு செய்கிறேன்.

முதல் தவறு, துவைக்காத துணியை வெட்டுவது. புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும்; பலமுறை துவைத்த சீலை சுருங்காது. இரண்டையும் அருகருகே தைத்தால் ஒன்று இழுக்க, மற்றது குமிழியாக எழும்பி நிற்கும். சாயத்தைச் சோதிப்பது எளிது. கடும் நிறத் துணி ஒவ்வொன்றையும் தனித்தனியாக இளஞ்சூட்டு நீரில், சிறு வெள்ளைத் துணியோடு சேர்த்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால், நீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். நான்கைந்து முறை அலசியும் தெளியவில்லை என்றால் அந்தத் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். கடையில் வாங்கிய பருத்தித் துணிக்கு அது உதவாது. நானும் நம்பி ஏமாந்திருக்கிறேன். தைத்து முடித்த போர்வையில் சாயம் பரவிவிட்டால் அதைக் காயவிடாதீர்கள், சூடு காட்டாதீர்கள். பெரிய பாத்திரத்தில் நிறையச் சுடுநீரும் சலவைத்தூளும் விட்டு உடனே அமிழ்த்தி, ஓர் இரவு ஊறவிட்டால் பெரும்பகுதி வெளியேறும். அன்று எனக்கு இது தெரியவில்லை. வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டு அழுதேன்.

பழைய சீலையில் எல்லாப் பகுதியும் ஒரே உறுதியோடு இருப்பதில்லை. கொசுவம் நிலத்தில் உரசிய கீழ்க்கரையும் இடுப்பில் செருகிய பகுதியும் முதலில் நைந்துபோகும். துணியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சல்லடை போல ஒளி வந்தால் அந்தப் பகுதி வேண்டாம். பிறகு இரண்டு பெருவிரல்களாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் பிரியும் சிறு சத்தம் கேட்டாலும் வேண்டாம். நினைவுக்காக அந்தப் பகுதியே வேண்டும் என்றால், அதன் பின்னால் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை வைத்து இரண்டையும் ஒன்றாக வெட்டலாம். வங்காளத்தில் பழஞ்சீலைகளை அடுக்கித் தைக்கும் ‘காந்தா’வும் நாம் சொல்லும் ‘கந்தை’யும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன முதுமொழியை நான் துணியைத் தெரிவுசெய்யும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். கசக்கத் தாங்காத துணி போர்வைக்கு உதவாது.

வெட்டும்போது நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடு நூலும் சதுரத்தின் ஓரங்களுக்கு இணையாக ஓட வேண்டும். மிச்சத் துணியை வீணாக்கக் கூடாது என்று சரிவாக வெட்டிய துண்டு கையில் பிடித்தாலே இழுபடும். அதன் ஓரம் பிறகு ஒருபோதும் மட்டமாக நிற்காது.

அடுத்ததுதான் அதிகம் பேரை மனமுடையச் செய்வது: வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவது. துண்டுகளை இணைக்கும் தையல் ஓரம் கால் அங்குலம். அதில் ஒரு துண்டுக்கு வீசம் (பதினாறில் ஒரு பங்கு) அங்குலம் கூடினால் யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு துண்டுகளும் சேர்ந்து ஒரு தையலுக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம் போகும். பன்னிரண்டு சதுரம் உள்ள வரிசையில் பதினொரு தையல்கள். முடிவில் அந்த வரிசை ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேலாகக் குறைந்துவிடும். குறைந்த வரிசையை இழுத்துத் தைத்தால் போர்வை முழுவதும் அலையாகும். ஆகவே தொடங்குமுன் ஒன்றரை அங்குல அகலமான மூன்று பட்டிகளை இணைத்துப் பாருங்கள். நடுப்பட்டி சரியாக ஓர் அங்குலம் தெரிந்தால் உங்கள் கை சரி. தெரியாவிட்டால் மெசின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலத் தூரத்தில் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, துணியின் ஓரத்தை அதோடு உரசியபடி ஓட்டுங்கள்.

ஒவ்வொரு தையலையும் மின்னழுத்தியால் அழுத்திவிட வேண்டும். சட்டையை மினுக்குவது போல முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. வைத்து, அழுத்தி, தூக்க வேண்டும். ஒரு வரிசையின் ஓரங்களை இடப்பக்கமும் அடுத்த வரிசையினதை வலப்பக்கமும் மடித்து அழுத்தினால், சந்திப்பில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும்.

மேற்துணிக்கும் அடித்துணிக்கும் இடையில் உள்ளே வைப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. குளிர்நாட்டுச் செய்முறையைப் பார்த்து இங்கே தடித்த பஞ்சு விரிப்பு வைப்பவர்கள் அந்தப் போர்வையை அலுமாரிக்காகத்தான் தைக்கிறார்கள். எமது மார்கழி, தை விடியற்காலைப் பனிக்குப் பழைய பருத்திச் சீலை ஒன்று போதும். தடித்தது எமது நீருக்கும் ஒத்துவராது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. அந்த வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காமல் படிவாகி, பஞ்சுக்குள் தங்கிப் போர்வையை விறைப்பாக்கும். அதைவிட மோசம், தலையணைக்கு அடைப்பது போல இலவம்பஞ்சை உதிரியாகப் பரப்புவது. ஒரு துவைப்பில் பஞ்சு முழுவதும் ஒரு மூலையில் கட்டிபட்டுவிடும். அக்காவுக்கு அனுப்புவதற்கு மட்டும் விரிப்பாக வரும் பஞ்சை வாங்குகிறேன்.

அடித்துணியை மேற்துணியின் அளவுக்கே வெட்டுவதும் வழமையான தவறு. நாற்புறமும் மூன்று, நான்கு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். சீமெந்து நிலத்தில் அதை விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் பிடிக்கச் செய்து, சுருக்கமின்றி, அதே நேரம் இழுபடாமலும் வையுங்கள். அதன் மேல் உள்ளே வைப்பதையும் மேற்துணியையும் அடுக்கி, நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகத் தற்காலிக நூலோட்டம் போடுங்கள். பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதும் நடுவிலிருந்தே. ஓரத்திலிருந்து தொடங்கினால் மிஞ்சும் துணி நடுவில் வந்து மடிந்து நிற்கும். அதைப் பிரிக்காமல் சரிசெய்ய வழியே இல்லை.

கோடு போடத் தையல் சோக்கட்டியே நல்லது. குமிழ்முனைப் பேனா வேண்டாம். மின்னழுத்திச் சூட்டில் மறையும் பேனா மாயம் போல இருக்கும். ஆனால் அந்த மை அழிவதில்லை, நிறத்தைத்தான் இழக்கிறது. உறைநிலைக்கு வெகுவாகக் கீழே குளிர் இறங்கினால் கோடுகள் திரும்பி வரும். கனடாவுக்குப் போகும் போர்வையில் அதைத் தொடவே வேண்டாம்.

கடைசி வேலை ஓரப்பட்டி. முடிந்துவிட்டது என்ற அவசரத்தில் கெட்டுப்போவதும் இதுதான். நித்திரையில் எல்லோரும் பிடித்து இழுப்பது ஓரத்தைத்தான். முதலில் கிழிவதும் அதுவே. அடித்துணியை மடித்து ஒற்றையாக அடிப்பதைவிட, இரண்டரை அங்குலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தைத்தால் இரட்டை உறுதி கிடைக்கும். நேரான ஓரத்துக்கு நேர்வெட்டுப் பட்டி போதும்; வளைவுக்கு மட்டும் சரிவாக வெட்டிய பட்டி. பட்டித் துண்டுகளைச் சரிவாக இணையுங்கள். நேராக இணைத்தால் அந்த இடம் முடிச்சுப் போலத் தடிக்கும். தைக்கும்போது பட்டியை இழுக்கவே கூடாது. இழுத்தால் போர்வையின் ஓரம் சுருங்கிக் கிண்ணம் போல வளையும். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கையில் தையலை நிறுத்தி, துணியை எடுத்து, பட்டியை முதலில் மேலே மடித்து, பிறகு அடுத்த ஓரத்தோடு கீழே மடித்தால் மூலை கூராக வரும். பின்புறத்தைக் கையால் மறைதையல் போட்டு முடியுங்கள். ஒரு மாலை அதற்குப் போனாலும் போகட்டும்.

துவைத்தபின் ஈரப் போர்வையை ஒற்றைக் கொடியில் தொங்கவிடாதீர்கள். நீரின் பாரம் அத்தனையும் ஒரே வரிசைத் தையலில் இறங்கி நூலை அறுக்கும். இரண்டு கொடிகளுக்கு மேலாகப் பாலம் போல விரித்து, அடிப்பக்கம் வெளியே இருக்க, வேப்பமர நிழலில் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மேலே காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். இன்னுமொரு நாள் கொடியில் கிடந்த பிறகே மடித்து வையுங்கள்.