தொப்பூர் இறக்கத்தை மறந்துவிட்டு டர்பைன் லாரி வரையாதீர்கள்

கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளில் ஓடும் இயந்திரங்களின் ஹைட்ராலிக் பம்புகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். கல்லூரி மாணவர்கள் சிலர் ஆண்டுதோறும் ஒரே யோசனையுடன் பட்டறைக்கு வருகிறார்கள். கனரக லாரியில் டீசல் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றிவிட்டு, சிறிய கேஸ் டர்பைனால் பம்பைச் சுழற்றி, எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டலாமே என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வரைபடங்களில் அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம். கேஸ் டர்பைன் என்றால் சமையல் கேஸில் ஓடுவது என்று பொருள் அல்ல. சுழலியைத் தள்ளுவது எரிந்த சூடான வாயு. எரிபொருள் டீசலாகவும் இருக்கலாம், மண்ணெண்ணெயாகவும் இருக்கலாம்.

அடுத்தது, எடையை மட்டும் பார்த்து மயங்குவது. 1950-ல் அமெரிக்காவில் கென்வொர்த் லாரி ஒன்றில் போயிங் டர்பைனைப் பொருத்தினார்கள். 175 குதிரைத்திறன், எடையோ அதே திறனுள்ள டீசல் எஞ்சினில் ஒரு சிறு பங்குதான். 1964-ல் ஃபோர்டு 600 குதிரைத்திறன் டர்பைன் லாரியைக் காட்டியது. மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ டைட்டன் 3 வந்தது. எதுவும் சோதனையைத் தாண்டிச் சந்தைக்கு வரவில்லை. டர்பைன் உண்டாக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் அதன் சொந்தக் காற்றமுக்கியே விழுங்கிவிடும். முழுச் சுமையில் பார்க்கும் எரிபொருள் சிக்கனம் பாதிச் சுமையில் சரிந்துவிடும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போதும் காற்றமுக்கி சுழன்றாக வேண்டும், எரிபொருள் எரிந்தாக வேண்டும்.

இழப்புகளைப் பெருக்காமல் விடுவது இன்னொரு தவறு. வெளியேறும் வெப்பத்தை மீட்கும் அமைப்புள்ள சிறிய டர்பைன், எரிபொருளின் ஆற்றலில் 30 சதவீதம் தருகிறது என்போம். பம்பும், எண்ணெய் அழுத்தத்தில் சுழன்று சக்கரத்தை ஓட்டும் ஹைட்ராலிக் மோட்டாரும் சேர்ந்து அதில் 80 சதவீதத்தைக் கடத்தினால், சக்கரத்துக்குப் போவது 24 சதவீதம். நல்ல டீசல் எஞ்சினும் கியர்பாக்ஸும் 38 சதவீதம் வரை கொடுக்கும். அதே வேலைக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் எரிபொருள்! வெப்பமீட்பு அமைப்பு இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

வெயிலையும் மேட்டையும் சேருங்கள். டர்பைனின் திறன் 15 டிகிரி செல்சியஸ் காற்றுக்குக் குறிக்கப்படுவது. 40 டிகிரி வெயிலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம்; அங்கே இன்னும் பத்தில் ஒரு பங்கு போகும். டீசலைவிடப் பல மடங்கு காற்றை உறிஞ்சும் இயந்திரத்துக்கு டீசல் லாரியின் ஏர் ஃபில்டரையே வரைந்தால், கிரானைட் தூசு காற்றமுக்கியின் இறக்கைகளை அரித்துவிடும்.

இவை எல்லாம் பணநஷ்டம். தொப்பூர் கணவாய் உயிர்ச் சேதம். தருமபுரியிலிருந்து சேலம் போகும் லாரிகள் அந்த இறக்கத்தில் தடுமாறுவதை நம் ஊரில் அறியாதவர் இல்லை. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கிய வண்டியின் பிரேக் லைனர் கருகும் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். காற்றமுக்கிக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று என இரண்டு தண்டுகள் தனித்தனியாகச் சுழலும் டர்பைனில் டீசல் எஞ்சினைப் போன்ற எஞ்சின் பிரேக் கிடையாது. அப்படியானால் இறக்கத்தின் ஆற்றல் எங்கே போகும்?

அழுத்தம் மிகும்போது திறந்து எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு வழியாக, அதை எண்ணெயில் வெப்பமாகக் கரைத்துவிடலாம் என்பார்கள். 40 டன் லாரி, 3 சதவீதச் சரிவு, மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வையுங்கள். உருளும் தடையைக் கழித்தால் எண்ணெய்க்கு வருவது சுமார் 100 கிலோவாட். தொட்டியில் 100 லிட்டர் இருந்தால், ஒரு நிமிடத்தில் 36 டிகிரி ஏறும். 50 டிகிரியில் தொடங்கிய எண்ணெய் இரண்டு நிமிடத்தில் 120-ஐத் தாண்டும். முதலில் சீல்கள் இறுகும். எண்ணெய் நீர்த்துப் பம்புக்குள்ளேயே கசியும், பிடிப்பு குறையும். பெரிய குளிர்விப்பானும், அதைச் சாராத தனிப் பிரேக்கும் இல்லாமல் அந்தச் சரிவில் இறங்கக் கூடாது.

அக்குமுலேட்டரில், அதாவது வாயுவை அமுக்கி எண்ணெயை அழுத்தத்தில் வைத்திருக்கும் உருளையில், சேமிக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. அதே லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 39 மெகாஜூல் ஆற்றல். 350 பார் அழுத்தத்தில் 50 லிட்டர் உருளை ஒன்று சுமார் 0.6 மெகாஜூல்தான் பிடிக்கும். 65 உருளைகளை எங்கே கட்டுவீர்கள்? ஒவ்வொரு தெருவிலும் நின்று கிளம்பும் குப்பை லாரிக்கு அது அருமையான கருவி, கணவாய்க்கு அல்ல.

ஹோஸ் வெடித்தால் பம்பின் சுமை சட்டென்று விலகும். கண்ணிமைக்கும் நேரத்தில் டர்பைன் எல்லை மீறிச் சுழலும். எரிபொருளை உடனே துண்டிக்கும் ஏற்பாட்டை முதல் வரைபடத்திலேயே போடுங்கள். கசிவைத் தேட விரலை வைக்கவே வைக்காதீர்கள். ஊசிமுனைத் துவாரத்திலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி மட்டும்தான் தெரியும். வலி குறைவு என்று வீட்டுக்குப் போய்விட்டால் விரலையே இழக்க நேரலாம். உடனே அறுவைச் சிகிச்சை தேவை. அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பாருங்கள், ஈரம் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த முறை வரும் மாணவர்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். சுமை ஏற்றிய லாரியில் கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரை டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு நிமிடம் வேகத்தையும் கியரையும் பிரேக் மிதித்த இடங்களையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த நோட்டை வைத்துக்கொண்டு பம்பின் அளவைப் பேசுவோம்.