விண்டோஸ் 11-க்கு மாற செக்யூர் பூட் மறுத்தால்: என் அனுபவம்

பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியை இயக்கிய பிறகும், நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் மட்டும் வரவில்லை. வட்டு எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்ததுதான் காரணம். செக்யூர் பூட்டுக்கு யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை தேவை; விண்டோஸ் அதன் வழியாகத் தொடங்க, வட்டு ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் இருக்க வேண்டும்.

இதற்காக எல்லாவற்றையும் அழித்து நிறுவத் தேவையே இல்லை. பேக்கப் மட்டும் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) இருந்தால் இடைநிறுத்துங்கள். கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து, 'எம்பிஆர்2ஜிபிடி' கருவியை முதலில் 'வேலிடேட்', பிறகு 'கன்வர்ட்' என்று இயக்கினேன். விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வதால் இரண்டு முறையும் 'அலவ்ஃபுல்ஓஎஸ்' சேர்க்க வேண்டும். வேலிடேட்டிலேயே நின்றால் பிரைமரி பார்ட்டிஷன்களை (வட்டின் முதன்மைப் பிரிவுகளை) எண்ணிப் பாருங்கள்: 3-க்கு மேல் இருந்தால் ஏற்காது, தொடக்கக் கோப்புகளுக்கான புதிய இஎஃப்ஐ பகுதிக்கும் ஓர் இடம் தேவை.

மாற்றியதும் பயாஸில் சிஎஸ்எம்-ஐ ('லெகசி' எனும் பழைய தொடக்க முறைக்கான வசதி) அணைத்து யூஇஎஃப்ஐயைத் தேர்ந்தெடுங்கள். லெகசியிலேயே விட்டால் கணினி தொடங்காது. அதன்பிறகே செக்யூர் பூட்டை இயக்குங்கள்.