பாவித்த ஹைலக்ஸ் வாங்கும் முன் அடியில் பார்த்தவை

மட்டக்களப்பின் படுவான்கரை வயலுக்குச் சென்றுவருவதற்காகப் பாவித்த நான்கு சில்லு இழுவை டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றைப் பார்க்கச் சென்றபோது, புதிய வண்ணப்பூச்சில் நேரம் செலவிடாமல் நேராக அதன் அடியில் படுத்தேன். மாரியில் கிரான் பக்கத்து வீதிகளையே வெள்ளம் மூடும் மாவட்டத்தில் வேறு எங்கிருந்து தொடங்குவது? வாகனத்தின் அடிச்சட்டமான சேஸியைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டு போகையில், கணீரென்ற ஓசை பின்சில்லருகே மந்தமாகியது. அங்கு கறுப்புப் பூச்சின் கீழ் துரு செதில்செதிலாக உதிர்ந்தாலும் துளை விழவில்லை.

பின் அச்சின் நடுவிலுள்ள பற்சில்லுப் பெட்டியான டிஃபரன்சலின் ஒயில் நிரப்பும் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டபோது, ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்ததற்கு அது தெளிவான அடையாளம். ஓடிச் சூடான அச்சு வெள்ளத்தில் திடீரெனக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அச்சினுள் காற்று போய்வரும் வழியான காற்றுப்போக்கி சேற்றால் அடைபட்டிருந்தால், ஒயில் கசியாமல் தடுக்கும் சீல்களின் வழியே தண்ணீர் உள்ளிழுக்கப்படும். பற்சில்லுகள் இரையாமல் ஓடியதால், திருத்தச் செலவைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கினேன்.

நான்கு சில்லு இழுவையை மணலில் மட்டுமே சோதித்தேன், ஏனெனில் தார் வீதியில் அதைப் போட்டுத் திருப்பினால் பாகங்கள் முறுக்குண்டு தேயும்.

பின்னர் சீல்களை மாற்றி, பழைய ஒயிலை வடித்து, சிறிதளவு புதிய ஒயிலால் உட்புறத்தைக் கழுவிய பிறகே முழுமையாக நிரப்பினேன். காற்றுப்போக்கியில் இறப்பர் குழாய் பொருத்தி, நுனியைப் பின்பெட்டியின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன். அடுத்த மாரி கழிந்து திறந்து பார்த்தபோது ஒயில் நிறம் மாறாமல் இருந்தது.