பதினைந்து கதிரைகளும் தமிழ் நாவும்: கொழும்பில் ஆங்கில உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளும் வழி

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த முதல் வருடத்தில், கூட்டமொன்றுக்குப் பதினைந்து கதிரைகள் வேண்டுமென்று தொலைபேசியில் ஆங்கிலத்தில் சொன்னேன். மறுநாள் காலை ஐம்பது கதிரைகள் வந்து இறங்கின. அனுப்பியவர்மீது பிழையில்லை. 'ஃபிஃப்டீன்' என்பதில் பின்னசையை அழுத்தி நீட்டி, இறுதி னகரத்தையும் முழுமையாக ஒலிக்க வேண்டும். 'ஃபிஃப்டி' என்பதில் அழுத்தம் முன்னசையில் விழ, பின்னசை குறுகும். நானோ இரண்டு அசைகளையும் தமிழில் சொல்வதுபோல ஒரே எடையில் சொல்லி, னகரத்தை விழுங்கியிருந்தேன். முப்பது வயதைக் கடந்தபின் எலகியூஷன் எனப்படும் பேச்சுப் பயிற்சி வகுப்பில் போய் அமர்ந்தது அந்தக் கதிரைகளால்தான்.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இத்தகைய வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுட் பல, ட்ரினிட்டி கொலேஜ் லண்டன் போன்ற நிறுவனங்களின் தரப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துபவை. கவிதையொன்றை மனனஞ்செய்து, கையசைவோடும் முகபாவத்தோடும் மேடையில் ஒப்புவிக்கும் பயிற்சி பிள்ளைக்குத் துணிவைத் தரும் என்பதில் ஐயமில்லை; எனினும் அந்தக் கவிதைக்குள் திருந்திய உச்சரிப்பு, வாசலைத் தாண்டியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே வயதுவந்தவர் ஒருவர் ஆசிரியரைத் தேடும்போது, முதல் நாளிலேயே தம் சாதாரணப் பேச்சை ஐந்து நிமிடம் கேட்டு, எந்தெந்த ஒலிகள் பிசகுகின்றன என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடியவரா என்று பார்க்க வேண்டும். "எல்லாவற்றையும் திருத்தலாம்" என்று மட்டும் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். இலண்டன்காரரைப் போல ஆக்கித் தருவதாகச் சொல்பவரிடமும் அப்படியே. இலங்கை ஆங்கிலத்துக்கென்று ஒரு தெளிவான, மதிப்பான உச்சரிப்பு உண்டு, நமக்கு வேண்டியது அதுவே.

பயிற்சியை நம்மிடம் ஏற்கெனவே உள்ள ஒலிகளிலிருந்து தொடங்குவது நல்லது. 'காற்று' என்ற சொல்லை யாழ்ப்பாண வழக்கில் சொல்லிப் பாருங்கள்: நாநுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னே உள்ள பல்லீறு மேட்டில் முட்டி நிற்கும். ஆங்கிலத்தின் 'டீ' எழுத்துக்கு உரிய இடம் அதுவே. டகரத்துக்கு மடிப்பதுபோல நாவைப் பின்னோக்கி மடித்தால் ஒலி தடித்துவிடுகிறது. கனடாவின் டொராண்டோ நகரை எம்மவர் 'ரொறன்ரோ' என்று எழுதுவதைப் பார்த்துச் சிலர் சிரிப்பர், ஆனால் அந்த எழுத்துக்கூட்டலுக்குப் பின்னால் இருப்பது கூர்மையான காது. அதுபோலவே, 'அது' என்று விரைந்து சொல்லும்போது வரும் மெல்லிய தகரம், தந்தையைக் குறிக்கும் 'ஃபாதர்' என்பதன் நடுவொலிக்கு மிக அண்மையில் நிற்கிறது. வகரத்துக்குப் பல்லும் இதழும் இயைய வேண்டும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. அந்த இலக்கணப்படி மேற்பல்லைக் கீழுதட்டில் பதித்து உரசினால் 'வேன்' வண்டி சரியாக வரும். மேற்குத் திசையைக் குறிக்கும் 'வெஸ்ட்' என்பதற்கோ பல் உதட்டைத் தொடவே கூடாது. சீழ்க்கை அடிக்கப் போவதுபோல உதடுகளைக் குவித்துத் தொடங்க வேண்டும்.

நம் எழுத்து மறைத்துவிடும் ஒலிகளே அதிகத் தொல்லை தருபவை. குண்டூசிக்கும் குப்பைத் தொட்டிக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் 'பின்' என்றே எழுதுவோம். கடைப் பற்றுச்சீட்டு ஒன்றைக் கிழித்து, ஒரு விரல் அகலத் துண்டை உதட்டுக்கு முன்னே தொங்கவிட்டுக் குண்டூசியைச் சொல்லுங்கள். துண்டு வெளிப்புறம் துள்ள வேண்டும். அசையாமல் நின்றால், கேட்பவருக்கு நீங்கள் சொன்னது குப்பைத் தொட்டிதான். சொல்லின் தொடக்கத்தில் அழுத்தத்தோடு வரும் 'டீ', 'கே' ஆகியவற்றுக்கும் இதே சிறு மூச்சு தேவை. எனக்கு அந்தத் துண்டு அசைய ஒன்பது நாட்கள் பிடித்தன.

இன்னொன்று, வீட்டின் முன்மண்டபமும் ஓட்டையும்: இரண்டும் நமக்கு 'ஹோல்'. மண்டபத்துக்குத் தாடை இறங்கி, உதடுகள் கடைசிவரை அசையாது நிற்க வேண்டும். ஓட்டைக்கோ அவை உகரத்தை நோக்கிக் குவிந்துகொண்டே போக வேண்டும். இந்த ஒலிகளைக் குழப்புபவரைக் கொழும்பில் 'நொட் பொட்' என்று கேலி செய்யும் வழக்கம் உண்டு. கேலி செய்பவரின் சிறுமையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருந்தாலும், குழப்பம் தீர்க்கக்கூடியது என்பதே இங்கு வேண்டியது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை ஆங்கிலத்தில் சொல்ல, ஸகரத்தைச் சீறியபடியே தொண்டையில் விரல் வைத்து, உள்ளே தேனீ இரைவதுபோன்ற அதிர்வு தெரியும்வரை குரலை ஏற்றுங்கள். 'இஸ்கூல்' என்று முன்னே முளைக்கும் இகரத்துக்கும் அந்தச் சீறலே மருந்து: நீளமாகச் சீறிவிட்டு 'கூல்' என்று இறங்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது அழுத்தம். ஆங்கிலச் சொல்லில் ஓரசை எழும்பி நிற்க, மற்றவை நிறமிழந்து குறுகும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதலசையில் நிற்கும் அழுத்தம், 'ஃபொட்டோகிரஃபி' ஆகும்போது இரண்டாவதற்கும், 'ஃபோட்டோகிராஃபிக்' ஆகும்போது மூன்றாவதற்கும் நகர்கிறது. குறுகுதல் நமக்கு அந்நியமன்று; 'பசு' என்பதன் உகரத்தையும் 'காது' என்பதன் உகரத்தையும் அடுத்தடுத்துச் சொன்னால், பின்னது அரை மாத்திரையாகத் தேய்வதை உணரலாம். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத உயிர்களையும் ஏறத்தாழ அப்படித் தேய விடுங்கள். நல்ல அகராதிகளில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே மேலே ஒரு சிறு கோடு இருக்கும். புதிய சொல்லைப் பொருளோடு மட்டும் படிக்காமல் அந்தக் கோட்டோடும் படித்து, கோடு வரும் இடத்தில் மேசையைத் தட்டிப் பழகுங்கள்.

நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் ஒரு வேளைக்கு ஒரே ஒலி. இரண்டு வாரம் அந்த ஒலியை மட்டும் கவனித்து, ஏனைய பிழைகளை அப்படியே விட்டுவிடுங்கள். ஆங்கிலச் செய்தி வாசிப்பில் அரை நிமிடத் துண்டொன்றை எடுத்து, வாசிப்பவருக்கு அரைச் சொல் பின்னால் நிழல்போலத் தொடர்ந்து பேசிக் கைத்தொலைபேசியில் பதிந்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் காது நம்மை ஏமாற்றும். நெருக்கமான அடுக்குமாடியில் உரத்துப் பேசக் கூச்சமாக இருப்பவருக்குக் கடலோர மெரின் டிரைவ் வீதி இருக்கிறது. அலையும் கரையோர ரயிலும் போடும் இரைச்சலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னர், தினமும் ஒரு தொலைபேசி அழைப்பிலாவது அந்த ஒலியைத் தெரிந்தே கையாள வேண்டும். வகுப்புக்கும் வாழ்க்கைக்கும் இடையிலுள்ள பாலம் அந்த அழைப்பே. வேகத்தையும் குறையுங்கள். அம்மாவோடு பேசும்போது பழைய வேகத்துக்கும் பழைய ராகத்துக்கும் திரும்புவதில் எந்தத் தவறும் இல்லை.

மூன்று மாத முடிவில் முதல் நாள் பதிவையும் புதிய பதிவையும் அறிமுகமில்லாத ஒருவரிடம் கொடுத்து, கேட்ட சொற்களை எழுதித் தரச் சொல்லுங்கள். என் சோதனையில் குண்டூசி தேறியது, மண்டபம் தேறியது, மிருகக்காட்சிச்சாலை பாதி தேறியது. எண்களில் மட்டும் இன்றுவரை எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதிரைகளுக்குச் சொல்லும்போது பதினைந்து என்று சொன்ன கையோடு, 'ஒன்று, ஐந்து' என்று இலக்கங்களையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.