எபிரெய வேதாகமம் எழுதப்பட்ட காலம்: புதிதாகப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எபிரெய வேதாகமத்துக்கு, அதாவது பழைய ஏற்பாட்டுக்கு, அறிமுக வகுப்பு எடுக்கிறவன் நான். கட்டுரைத் தாள்களைத் திருத்த உட்காரும்போதெல்லாம், மாணவனாக இருந்தபோது நானே எழுதிய வரிகள் வேறு கையெழுத்தில் திரும்ப வருகின்றன. கி.மு. எண்களை முன்பின்னாகப் போடுவது, யூதாவையும் இஸ்ரவேலையும் ஒன்றாக நினைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. நாலு புத்தகம் படித்தால் அவை தானாகச் சரியாகிவிடும். எத்தனை படித்தாலும் ஒட்டிக்கொண்டே இருப்பவை வேறு.

ஒரு தகட்டை வைத்து ஒரு நூலுக்கே வயது சொல்வது

எருசலேமின் பழைய நகருக்குத் தென்மேற்கே, இன்னோம் பள்ளத்தாக்கின் விளிம்பில், கெதெப் இன்னோம் என்ற இடம் இருக்கிறது. 1979இல் தொல்லியலாளர் காபிரியேல் பர்க்காய் அங்கிருந்த கல்லறைக் குகைகளை அகழ்ந்தபோது இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. நம் ஊர்த் தாயத்துக்குள் சுருட்டி வைக்கிற தகடு போலத்தான். பெரியதை விரித்தால் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிறியது நாலு சென்டிமீட்டர்கூட வராது. நொறுங்கிவிடாமல் விரித்தெடுக்கவே ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. உள்ளே, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மெல்லிய கீறல்களில், ஆண்டவரின் நான்கெழுத்துப் பெயரும் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கும் ஆசாரிய ஆசீர்வாதமும் இருந்தன. பெரும்பாலான ஆய்வாளர்கள் கணிக்கும் காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இன்னும் பிந்தியது என்பவர்களும் உண்டு. பெரும்பான்மைக் கணிப்புப்படி, சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த பழைய பிரதிகளான சாக்கடல் சுருள்களில் மிகப் பழையதைவிடவும் இவை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை.

இதைப் படித்ததும் ஒரு மாணவர் ஓடி வந்தார். "ஐயா, வெல்ஹௌசன் கதை முடிஞ்சுபோச்சு. சிறையிருப்புக்கு முன்னாடியே எண்ணாகமம் இருந்திருக்கு."

வெல்ஹௌசன் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர். ஆதியாகமம் முதல் உபாகமம் வரையான ஐந்தாகமங்களில், ஆலய வழிபாட்டுச் சட்டங்களைச் சொல்லும் ஆசாரியப் பகுதி, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பாபிலோன் சிறையிருப்புக்குப் பின்னால் உருவானது என்று வாதாடியவர். எண்ணாகமத்தின் அந்த ஆசீர்வாதமும் இந்தப் பகுதியில்தான் சேரும். "தம்பி, எண்ணாகமத்துல 36 அதிகாரம். தகட்டுல எத்தனை இருக்கு?" என்று கேட்டேன். அவர் யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அந்த ஆசீர்வாதம் கி.மு. 600ஐ ஒட்டி எருசலேமில் மக்கள் வாயில் இருந்தது. தகடு சொல்வது அவ்வளவுதான். ஆலயத்தில் ஆசாரியர் ஓதிவந்த வாழ்த்தைப் பிற்பாடு நூலில் சேர்த்திருக்கலாம். நூலிலிருந்தே எடுத்துத் தகட்டில் கீறியிருக்கவும் கூடும். எது முதல் என்று வெள்ளி சொல்லாது. சிறிய தகட்டை நிதானமாக வாசித்தால் இன்னொன்றும் தெரியும். "உன்மேல் கிருபையாயிருக்கக்கடவர்" என்ற பகுதி அதில் இல்லை. முகம் பிரகாசிப்பதிலிருந்து நேரே சமாதானத்துக்குப் போய்விடுகிறது. இடம் போதாமல் சுருக்கினார்களா, அல்லது இந்தக் குறுகிய வடிவம்தான் பழையதா? உண்மையான ஆராய்ச்சி இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. "நிரூபணமாகிவிட்டது" என்று தாளை மூடியவர் இங்கே வந்து சேருவதே இல்லை.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. நல்ல எபிரெயம் தெரிந்த ஒரு பிள்ளை, முதுகலை ஆய்வேட்டில் ஒரு அதிகாரம் முழுவதையும் இந்தத் தகட்டின்மேல் கட்டியிருந்தார். வாய்மொழித் தேர்வில், மேலே நான் கேட்ட அதே கேள்வி வந்தது. அந்த அதிகாரத்தையே எடுத்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று, பட்டம் தள்ளிப்போனது. வழிகாட்டியாக இருந்தவர் முதல் வரைவிலேயே தடுத்திருக்க வேண்டும். அவர் வாசித்தாரா என்றே எனக்குச் சந்தேகம்.

அதனால் என் மாணவர்களிடம் தாளில் நாலு கட்டம் போடச் சொல்கிறேன்: கதை நடக்கும் காலம், அதன் பழைய மூலங்களின் காலம், நூலாகத் தொகுத்த காலம், நம் கைக்கு வந்த பிரதியின் காலம். நீதிமொழிகள் 25:1ஐப் பாருங்கள். சாலொமோனின் நீதிமொழிகளை யூதா ராஜா எசேக்கியாவின் ஆட்கள் பெயர்த்தெழுதினார்கள் என்று அந்த வசனமே சொல்கிறது. இருவருக்கும் நடுவே இருநூறு ஆண்டுகளுக்கு மேல். ஒரே வசனத்தில் இரண்டு கட்டம் நிரம்பிவிடுகிறது.

பிரதி பிந்தியது, ஆகவே நூலும் பிந்தியது

அதே தவறு, எதிர்த்திசையில். சாக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானில், அவற்றில் மிகப் பழையவை கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை; எனவே எல்லாமே கிரேக்கர் காலத்தில் எழுதியவை என்று ஒரே தாவலில் முடித்துவிடுகிறார்கள். யூதேயா மலைநாட்டு ஈரத்தில் தோலும் நாணற்காகிதமும் மக்கிப்போகும். சாக்கடல் ஓரத்து வறட்சியில்தான் ஏழு மீட்டருக்கும் மேல் நீளமான ஏசாயா சுருள் தப்பியது. அதுவே ஒரு பிரதிதான். அதற்கு முன்னால் எத்தனை பிரதிகள் அழிந்தனவோ.

பிந்திய காலம் சொல்பவர்களிடம் இதைவிட வலுவான சான்று உண்டு. எகிப்தின் தெற்கெல்லையில், எலிபன்டைன் தீவில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒரு யூதப் படைக் குடியிருப்பு இருந்தது. இடிக்கப்பட்ட தங்கள் ஆலயத்தைத் திரும்பக் கட்ட ஆதரவு கேட்டு கி.மு. 407இல் யூதாவின் ஆளுநருக்கு அவர்கள் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. ஒரே இடத்தில்தான் பலியிட வேண்டும் என்று உபாகமம் 12 கட்டளையிடுகிறது. இவர்களோ அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மோசேயின் பெயரும் கடிதத்தில் இல்லை. இதற்குப் பதில் சொல்லாமல் முந்திய காலம் பேச முடியாது. அதே சமயம், எல்லைப்புறக் காவல்காரர்களின் மௌனத்தை எருசலேமின் மௌனமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

ஐந்தாகமங்கள் முழுவதையும் மோசேயே எழுதினாரா என்ற கேள்வி ஐரோப்பியர் கிளப்பியது என்பது

இல்லை. மோசேயின் மரணத்தைச் சொல்லும் உபாகமத்தின் கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்ற கருத்து, யூத ரபிகளின் பழைய தொகுப்பான தால்மூதிலேயே இருக்கிறது.

மொழிநடையை மட்டும் நம்புவது

பழைய நடையில் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. நடை பழையது என்பதால் நூலும் பழையதாகிவிடாது.

தானியேலை விசுவாசப் பரீட்சையாக்குவது

"தீர்க்கதரிசனத்தை நம்பாதவர்கள்தான் தானியேலைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவருகிறார்கள்" என்று எழுதாத தாள் அபூர்வம். கதை நடப்பதோ பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில். ஆனால் அறிஞர்களின் வாதம் அதோடு முடிவதில்லை. 11ஆம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். தென்திசை ராஜா எகிப்தின் தாலமி வம்சம். வடதிசை ராஜா சிரியாவின் செலூக்கிய வம்சம். போர்கள், திருமண உறவு, துரோகம் எல்லாம் வரிசை மாறாமல் வருகின்றன. செலூக்கிய ராஜா நான்காம் அந்தியோகு எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கி.மு. 167 வரை அந்தத் துல்லியம் நிற்கிறது. 40ஆம் வசனத்திலிருந்து அது மறைந்துவிடுகிறது. அந்த ராஜா கடலுக்கும் பரிசுத்த பர்வதத்துக்கும் நடுவே முடிவடைவான் என்கிறது நூல். அந்தியோகு இறந்ததோ கி.மு. 164இல், பெர்சியப் பக்கத்தில். துல்லியம் எங்கே நிற்கிறதோ அந்தக் காலத்தில்தான் நூல் எழுதப்பட்டது என்பதுதான் வாதத்தின் அச்சாணி. 40ஆம் வசனத்திலிருந்து பேச்சு கடைசிக் காலத்துக்குத் தாவிவிடுகிறது என்பது மரபு வழி அறிஞர்களின் பதில். இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதி மற்றவரின் விசுவாசத்தை அளக்காதீர்கள்.

இங்கேயும் ஒரே தேதி செல்லாது. 2ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனத்திலிருந்து 7ஆம் அதிகாரம் முடிய அரமேயம், மற்றவை எபிரெயம். சிங்கக் கெபி, அக்கினிச் சூளைக் கதைகள் அந்தியோகுக்கு முன்பே புழங்கியிருக்க வேண்டும் என்று, நூலைப் பிந்தியதாகச் சொல்பவர்களிலேயே பலர் ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் தானியேலைப் பற்றிக் கட்டுரை கொண்டுவருகிறவர்களை, 1 முதல் 6 வரை ஒரு தாளிலும் 7 முதல் 12 வரை இன்னொரு தாளிலும் எழுதி வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.