மின்சாரம் ஆண்டுக்கணக்கில் வராவிட்டால்: ஒரு கிராமத்து வீட்டின் ஆயத்தம்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது, சில கிழமைகளில் திரும்பிவிடும் என்றே எங்கள் ஊரில் எல்லாரும் எண்ணியிருந்தோம். ஆண்டுகள் பல கடந்தும் அது வரவில்லை. பெற்றோலும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் அளந்து வாங்கும் பண்டமாயிற்று. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட நாள்களிலும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் மின்சாரம் இழந்த அன்றும், அந்தக் காலத்தில் எப்படி இருந்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை, இப்போதைய வசதிகளையும் சேர்த்து, இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

மின்சாரம் இல்லை என்றவுடன் எல்லாரும் விளக்கைத்தான் தேடுவார்கள். ஆனால் மேல்தாங்கி வறண்ட மறுநாட் காலையில்தான் உண்மையான இடர் தெரியவரும். ஆகவே ஆயத்தத்தைக் கிணற்றிலிருந்து தொடங்குங்கள். குடிக்க, சமைக்க, உடல் கழுவ என ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தேவை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 75 லீற்றர், அதாவது பத்து லீற்றர் வாளியால் எட்டு முறை இறைத்தால் போதும். இது ஒரு பெரிய வேலையன்று, திறந்த கிணறும் கயிறும் இருந்தால். குழாய்க்கிணற்றையும் மோட்டாரையும் மட்டும் நம்பி, பழைய கிணற்றைக் குப்பை போட்டு மூடிய வீடுகளே முதலில் தடுமாறும். கிணறு இன்னும் இருக்குமானால் அதைத் தூர்வாரி, சுற்றுச்சுவரை உயர்த்தி, கப்பி ஒன்றைப் பொருத்தி வையுங்கள். மலசலகூடக் குழி கிணற்றுக்கு நூறடிக்குள் இருந்தால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

தோட்டத்துக்கும் இறைக்க வேண்டுமானால், நெம்புகோல்போல் நீர் தூக்கும் துலாவுக்கு நிகரானது வேறில்லை. இரண்டு ஆடுகாலை ஆழமாக நட்டு, அவற்றின் குறுக்கே அச்சுலக்கையைச் செருகி, அதன்மேல் நீண்ட துலாமரத்தை ஏற்றி, அடிப்பக்கத்தில் கல்லையும் நுனியில் வாளிக் கயிற்றையும் கட்ட வேண்டும். கல்லின் இழுவை, நிறைந்த வாளியின் இழுவையைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். கூடினால் வெறும் வாளியைக் கீழே அழுத்துவதிலேயே தோள் ஓய்ந்துவிடும். அச்சுலக்கைக்குத் தேங்காயெண்ணெய் விட மறந்தால் அயலெல்லாம் கேட்கும்படி அது முனகும், எங்கள் வீட்டுத் துலாவின் சத்தத்தை வைத்தே அம்மா எழும்பிவிட்டார் என்று பக்கத்து வீட்டார் அறிந்துகொள்வார்கள். கயிறு இரண்டும் பாதாளக்கரண்டி ஒன்றும் கையிருப்பில் இருக்க வேண்டும். வாளி கிணற்றுக்குள் விழுவது நிச்சயம்; எப்போது விழும் என்பதுதான் தெரியாது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது; கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர் 40 அடி எழும்பும் என்பதே இதன் மறுபக்கம். விசைப்பம்பியால் விரைவாக இறைக்கும் கிணறு உவராவதற்கு இதுவே காரணம். கையால் இறைப்பவர் களைத்து நிற்கும்போது கிணறும் ஊறிக்கொள்ளும். எரிபொருள் எங்கிருந்தாவது கிடைத்தாலும் கடலோரக் கிணற்றில் பம்பியை நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள்.

குடிநீரை ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் கிருமிகள் இறந்துவிடும். விறகு குறைவாயின், நிறமற்ற தெளிந்த பிளாஸ்ரிக் போத்தலில் (இரண்டு லீற்றருக்கு மேற்படாதது) கலங்கலில்லாத நீரை நிரப்பி, கடும் வெயிலில் ஆறு மணி நேரம், வானம் மூடியிருந்தால் இரண்டு முழு நாள், கிடையாக வையுங்கள். வயிற்றோட்டம் வந்தால் ஒரு லீற்றர் காய்ச்சியாறிய நீருக்குச் சமனாகத் தட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்க வேண்டும். இந்த அளவைச் சமையலறைச் சுவரிலேயே எழுதி வைப்பது நல்லது, ஏனெனில் அந்த நேரத்தில் எவருக்கும் அது நினைவுக்கு வராது.

எரிவாயு உருளை ஒன்றிரண்டு மாதத்துக்குத்தான் தாங்கும். பனையும் தென்னையும் நிற்கும் வளவில் விறகுக்குப் பஞ்சமில்லை: காவோலை, பன்னாடை, கங்குமட்டை, ஊமல், பொச்சு, சிரட்டை எல்லாம் எரியும். இவற்றை மாரிக்கு முன்னரே கூரையின்கீழ் அடுக்கிவிட வேண்டும். மர ஆலை அருகில் இருந்தால் மரத்தூள் அடுப்பு மிகவும் உதவும். பெரிய பால்மாத் தகரத்தின் பக்கவாட்டில், அடிக்கு அருகே, ஒரு துளையிட்டு அதன் வழியே ஒரு தடியை நடுவரை செருகுங்கள். தடியின் முனையில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்து, அதைச் சுற்றி மரத்தூளை உலக்கையின் பூணால் இறுக இடியுங்கள். பிறகு போத்தலைத் திருகி மேலே எடுத்து, தடியையும் உருவினால் காற்றோட்டத்துக்கான வழி கிடைத்துவிடும். கீழ்த்துளையில் சிறு நெருப்பு வைத்தால் சோறு, கறி, சுடுநீர் மூன்றுக்கும் அதுவே போதும். தூள் ஈரமாக இருந்தால் புகைதான் வரும். இறுக்கம் போதாவிட்டால் நடுவில் இடிந்து விழுந்து அணைந்துவிடும்.

உணவைப் பொறுத்தவரை, ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்று கொண்டால் ஐவருக்கு மூன்று மாதத்துக்கு 180 கிலோ வேண்டும். அதை நெல்லாகவே வைப்பது மேல். அரிசியைவிட நெல் வண்டுக்கு எளிதில் இடம் கொடாது, விதையாகவும் பயன்படும். குற்றும்போது மூன்றில் ஒரு பங்கு உமியும் தவிடுமாகக் கழியும் என்பதால் குறைந்தது 270 கிலோ நெல் என்று கணக்கிடுங்கள். அரிசி ஆலை ஓடாது என்பதையும் மறக்க வேண்டாம். உரலும் உலக்கையும் ஆட்டுக்கல்லும் பூந்தொட்டிக்கு அழகாக நிற்கும் வீடுகள் இன்று பல. அவற்றைக் கழுவி, கொத்திப் பொழிந்து, பாவிக்கும் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசி குறையும்போது பனைதான் கைகொடுக்கும். ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தின் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. விதையைப் பாத்தியில் அடுக்கினால் சில மாதங்களில் கிழங்கு. அதைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பை வடித்த பின்பே கூழுக்கோ பிட்டுக்கோ எடுக்க வேண்டும். மரவள்ளியையும் தோல் நீக்கி, பாத்திரத்தை மூடாமல் அவியுங்கள். சவர்க்காரம் கிடைக்காத நாள்களில் பனம்பழக் களியைத் தேய்த்து உடுப்புத் தோய்த்தோம். அழுக்குப் போகும், ஆனால் வாசனை முழுதாகப் போகாது. வேலியில் காயப்போட்ட சட்டையின் ஒரு கையை மாடு சப்பித் தின்றுவிட்டதைப் பார்த்த பிறகு, எங்கள் வீட்டில் கொடியை உயரத்தில் கட்டத் தொடங்கினோம்.

இன்சுலின் பாவிப்பவர் உள்ள வீட்டில், அம்மருந்தை உட்பானையில் குளிராக வைக்க, இரண்டு மண்பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, மேலே நனைத்த துணியிட்டு, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பெரும்பாலான வகைகள், திறந்த பின், 30 பாகை செல்சியசுக்குக் கீழே சுமார் நான்கு கிழமை தாங்கும்; உங்கள் வகைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வெளிச்சம். கூரையில் சோலர் இருப்பதால் கவலையில்லை என்று எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்சார சபையின் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர் தாக்கப்படாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. மின்கலத்தோடு தனித்து இயங்கும் சிறிய அமைப்பு ஒன்று வேறாக வேண்டும். ஐந்து வாட் எல்ஈடி விளக்கு மூன்று, ஐந்து மணி நேரம் எரிந்தால் 75 வாட்-மணி. இரண்டு கைபேசிக்கு 30 என்று வைத்தாலும் 100 வாட் தகடு ஒன்று அதை இலகுவாக ஈடுசெய்யும். ஈய அமில மின்கலத்தைப் பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் அது சீக்கிரம் சாகும்.

மின்கலமும் ஓய்ந்தால் எங்கள் ஜாம் போத்தல் விளக்கு இருக்கிறது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழலுக்குள் நூல் திரியைச் செருகி, கம்பியால் நடுவில் நிறுத்த வேண்டும். சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றுக்கு அணையாது. எண்ணெய் பஞ்சில் ஊறியிருப்பதால் தட்டுப்பட்டு விழுந்தாலும் வழிந்தோடாது. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் பலர் காலையில் மூக்கின் கரியைக் கழுவிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனார்கள், ஆகவே யன்னலைத் திறந்து வையுங்கள். பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயை எந்த விளக்கிலும் ஊற்றக் கூடாது.

செய்தி கேட்பதற்குச் சைக்கிள் டைனமோ போதும். பெரும்பாலானவை 6 வோல்ற், 3 வாட். வெளிவருவது ஆடலோட்டம் (ஏசி) ஆகையால் நான்கு டயோட்டுகளைப் பாலமாக இணைத்து, ஒரு கொள்ளளவியையும் சேர்த்து நேரோட்டமாக (டிசி) ஆக்கிய பின்பே வானொலிக்குக் கொடுங்கள். வேகமாக மிதித்தால் மின்னழுத்தம் ஏறிவிடும் என்பதால், இன்று மலிவாகக் கிடைக்கும் மின்னழுத்த ஒழுங்காக்கி ஒன்றை இடையில் வைப்பது பாதுகாப்பு. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் காது கொடுக்கலாம். மிதிப்பவர் மாறும் நேரத்தில் வானொலி அடங்கிவிடும். ஆகையால் தலைப்புச் செய்திகள் முடியும்வரை முதல் ஆளே மிதிக்கட்டும்.