மூங்கில் தூண்டில் கோலுக்கு ஒரு பதப்படுத்தும் அடுப்பு: வீட்டிலேயே செய்வது எப்படி?

மூங்கிலைப் பிளந்து, ஆறு சிம்புகளை முக்கோணமாக இழைத்து, ஒன்றாக ஒட்டிச் செய்யும் தூண்டில் கோலில் இறங்குகிறவர்கள் முதலில் இழைப்புளியைப் பற்றிக் கேட்பார்கள், பசையைப் பற்றிக் கேட்பார்கள். அடுப்பைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கோல் வளைந்த பிறகு நிமிர்ந்து பழைய நிலைக்கு வருமா, இல்லை பெரிய மீன் ஒன்று இழுத்த பிறகு வளைந்தபடியே நின்றுவிடுமா என்பதில் இந்த அடுப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

காரணம் இதுதான். மூங்கில் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படி இழுப்பதில் முக்கியமானது ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள். மூங்கிலை 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது முதலில் ஈரம் வெளியேறுகிறது, அப்புறம் ஹெமிசெல்லுலோஸின் ஒரு பகுதி சிதைகிறது. அதற்குப் பிறகு மூங்கில் முன்போல் ஈரம் குடிக்காது; விறைப்பும் கூடும். சூடு அளவு மீறினால் நார்கள் பலமிழந்து மூங்கில் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பதில் ஒவ்வொரு கோல் செய்பவருக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சிம்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சூடு படவேண்டும். ஒரு முனையில் 190, மறுமுனையில் 160 என்று இருந்தால் ஒரே சிம்பில் இரண்டு விதமான மூங்கில் கிடைக்கும். அதனால் கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் சூட்டைச் சீராக்குவதற்காகவே.

அமைப்பு எப்படி வேலை செய்கிறது

ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள் குழாயின் முன்வாயில் ஹீட் கன் சூடான காற்றை ஊதும். காற்று சிம்புகளைத் தழுவிக்கொண்டு கடைசி வரை போய், அங்கே மூடியில் முட்டித் திரும்பி, இரண்டு குழாய்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக முன்பக்கம் வந்து வெளியேறும். திரும்பி வரும் காற்றும் சூடாகவே இருப்பதால் உள் குழாய்க்கு வெளியிலிருந்தும் ஒரு சூடான போர்வை கிடைக்கிறது. ஒற்றைக் குழாயில் ஊதினால் தூரம் போகப்போகக் காற்று ஆறிவிடும். இரட்டைக் குழாயில் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும்.

மைக்கா ஹீட்டர் பட்டைகளை நீளமான தகரப் பெட்டிக்குள் பதித்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரோடு இணைக்கும் அடுப்பும் உண்டு. அது நல்ல அடுப்புதான். ஆனால் மின் இணைப்பு வேலை தெரிந்தவர்களுக்கே அது சரிப்படும். முதல் அடுப்புக்கு ஹீட் கன் போதும்.

வேண்டிய பொருட்கள்

உள் குழாய் 75 மி.மீ. விட்டம், 150 செ.மீ. நீளம். வெளிக் குழாய் 125 மி.மீ. விட்டம், 155 செ.மீ. நீளம். ஏன் இந்த அளவுகள்? உள் குழாயின் வாய்ப் பரப்பு சுமார் 44 சதுர செ.மீ. நடுவிலுள்ள இடைவெளியின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. திரும்பும் வழி போகும் வழியைவிட அகலமாக இருப்பதால் காற்று எங்கும் திணறாது. வேறு அளவுக் குழாய்தான் கையில் இருக்கிறது என்றால் இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உள் குழாய் சாதா இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டாம். ஹீட் கன் வாயருகே காற்றின் சூடு 500 டிகிரியைத் தாண்டக்கூடும். துத்தநாகம் சுமார் 419 டிகிரியிலேயே உருகிவிடும். வெளிக் குழாய்க்கும் பூச்சில்லாத இரும்பே என் தேர்வு. பிளாஸ்டிக் குழாய் பக்கமே போகவேண்டாம்.

ஹீட் கன் 1500 முதல் 2000 வாட் வரை, சூட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதாக வாங்குங்கள். இரண்டே படிகள் மட்டும் உள்ள கன்னில் 180 டிகிரியைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. கே வகை தெர்மோகப்புள் (சூட்டை அளக்கும் கம்பி) இரண்டும், அவற்றைப் படிக்கும் டிஜிட்டல் மீட்டரும் வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இவை தவிர ராக் வூல் (சூடு கசியாமல் காக்கும் கல் நார்), அலுமினிய நாடா, மூடிகளுக்குப் பூச்சில்லாத இரும்புத் தகடு, நீளமான போல்ட்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வலை.

கட்டும் வேலை

1. வெளிக் குழாயின் முன்மூடியில் உள் குழாய் நுழையும் அளவுக்குத் துளை வெட்டி, உள் குழாயை 3 செ.மீ. வெளியே நீட்டியபடி பொருத்துங்கள். மறுமுனையில் உள் குழாய்க்கும் கடைசி மூடிக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி கிடைக்கும். காற்று திரும்பும் இடம் அதுதான். அதை அடைத்துவிடாதீர்கள்.

2. உள் குழாய் நடுவில் நிற்க, வெளிக் குழாயில் மூன்று இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் வட்டத்தை மூன்றாகப் பிரித்து மூன்று போல்ட் என்று முடுக்குங்கள். போல்ட் முனை உள் குழாயைத் தொட்டுத் தாங்கினால் போதும், இறுக்கிப் பிடிக்கக்கூடாது. ஒன்றரை மீட்டர் இரும்புக் குழாய் 180 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 3 மி.மீ. நீளும். முன்பக்கம் மட்டும் உறுதியாகப் பிடித்து, பின்பக்கம் நகர விட்டால் அது தன்பாட்டுக்கு நீண்டு சுருங்கும். இரண்டு முனையையும் பூட்டினால் குழாய் நடுவில் வளையும், இல்லையென்றால் மூடி பிய்ந்துகொள்ளும்.

3. வெளிக் குழாயின் மேல்பக்கம், முன்மூடிக்கு அருகில், 50 மி.மீ. துளை போடுங்கள். அதில் ஒரு சிறிய வளைவுக் குழாய் வைத்து, வெளியேறும் காற்றை ஹீட் கன்னுக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். சூடான காற்றைக் கன் மறுபடி உறிஞ்சினால் அதன் மோட்டார் கெடும். இந்தத் துளை சிறிதாகிவிட்டாலும் ஆபத்துதான்: காற்று பின்னுக்குத் தள்ளி, கன்னின் சூட்டுச் சுருள் எரிந்துபோகும்.

4. உள் குழாயின் வாயில் ஒரு இரும்புத் தகடு. அதில் கன்னின் மூக்கைவிடச் சில மி.மீ. பெரிய துளை. கன்னின் எடை குழாயின் மேல் தொங்காமல் தனியாக ஒரு தாங்கி செய்து நிறுத்துங்கள்.

5. கன்னிலிருந்து வரும் காற்று ஒரே கோடாகப் பாயும். அது நேராகச் சிம்பில் அடித்தால் அந்த இடம் மட்டும் கருகும். மூக்கிலிருந்து 10 செ.மீ. தள்ளி, துளைகள் போட்ட ஸ்டெயின்லெஸ் வட்டத் தகடு ஒன்றை உள்ளே நிறுத்துங்கள். தகட்டின் பரப்பில் பாதியாவது துளையாக இருக்கவேண்டும். சிம்புகள் மூக்கிலிருந்து 25 செ.மீ.க்கு அப்பால்தான் தொடங்கவேண்டும். அப்படியானால் 120 செ.மீ. வரையான சிம்புகள் தாராளமாக உள்ளே போகும். ஏழு அடிக் கோலை இரண்டு துண்டாகச் செய்ய இது போதும்.

6. கம்பி வலையை வாய்க்கால்போல மடித்து உள்ளே தள்ளினால் சிம்புக் கட்டு குழாயின் அடியில் படாமல் நடுவில் கிடக்கும். கடைசி மூடியைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். அதுதான் கதவு.

7. முன்வாயிலிருந்து 30 செ.மீ.யிலும் 130 செ.மீ.யிலும் இரண்டு குழாய்களையும் துளைத்து, தெர்மோகப்புள்களை உள்ளே விடுங்கள். முனை இரும்பைத் தொடக்கூடாது. தொட்டால் காற்றின் சூட்டுக்குப் பதில் குழாயின் சூட்டைக் காட்டும்.

8. கடைசியாக 50 மி.மீ. ராக் வூலைச் சுற்றி, கம்பியால் கட்டி, அலுமினிய நாடா ஒட்டுங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் இல்லாமல் ராக் வூலைத் தொடாதீர்கள். பழைய கட்டடத்தில் கழற்றிய காப்புப் பொருள் எதையும் பயன்படுத்தாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

வெறும் அடுப்பில் சோதனை

தெர்மோகப்புள்களை முதலில் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு 100ஐ ஒட்டிக் காட்டவேண்டும். இரண்டும் வேறு வேறு எண் காட்டினால் அந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம் அடுப்பைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், காலியாகவே 200 டிகிரிக்கு மேல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். குழாயிலுள்ள எண்ணெயும் ராக் வூலிலுள்ள பசையும் எரிந்து புகை வரும். மெல்லிய நீட்டிப்பு வயரில் 2000 வாட் கன்னைப் போடாதீர்கள், வயர் சூடாகி உருகும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடுப்பு ஓடும்போது அந்த இடத்தைவிட்டு நகரவே கூடாது.

புகை நின்றதும் 180 டிகிரிக்குக் கொண்டுவந்து, இரண்டு தெர்மோகப்புள்களும் காட்டும் எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் 5 டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் அருமை. 8 டிகிரி வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் கடைசி மூடிக்கு இன்னொரு சுற்று ராக் வூல் வையுங்கள், அல்லது துளைத் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் வெப்பம் கசிவது அந்த மூடி வழியாகத்தான்.

சிம்புகளைப் பதப்படுத்துவது

60 டிகிரிக் கோணத்தில் தோராயமாக இழைத்த ஆறு சிம்புகளை, தோல்பக்கம் வெளியே இருக்கும்படி சேர்த்து, பருத்தி நூலால் இரண்டு திசையிலும் குறுக்காகச் சுற்றிக் கட்டுங்கள். நைலான் நூல் இந்தச் சூட்டில் இளகிவிடும். இந்தக் கட்டினை ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, கோணல் இருந்தால் இப்போதே கையால் நிமிர்த்துங்கள். இந்தச் சூட்டில் எந்த வடிவில் கிடக்கிறதோ அந்த வடிவம்தான் நிலைக்கும்.

முதல் கட்டம் உலர்த்துவது. 105 முதல் 110 டிகிரியில் ஒரு மணி நேரம். போடும் முன் கட்டை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி கழித்து எடுத்து எடை பாருங்கள், மறுபடி கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். எடை இனி இறங்கவில்லை என்றால் ஈரம் போய்விட்டது.

அடுத்தது பதம். அடுப்பை 180க்கு ஏற்றி நிலைப்படுத்தி, கட்டை உள்ளே வையுங்கள். கதவைத் திறந்ததும் சூடு இறங்கும். மீட்டர் மறுபடி 180ஐத் தொட்டதிலிருந்துதான் நேரத்தை எண்ணவேண்டும். 6 நிமிடம் கழித்து முனை மாற்றிப் போட்டு, மறுபடி 180 வந்ததும் இன்னொரு 6 நிமிடம். மிச்சமிருக்கும் சிறு சிறு வித்தியாசங்களை இந்த முனை மாற்றம் சரிக்கட்டிவிடும். வெளியேறும் காற்றில் வறுத்த தானியத்தின் மணம் வரும். காரமான புகைவாடை வந்தால் உடனே கன்னை அணைத்துவிடாதீர்கள். சூட்டைக் குறைத்துக் காற்றை மட்டும் ஓடவிட்டு, கட்டை வெளியே எடுங்கள்.

இந்த 12 நிமிடம் ஒரு தொடக்கம் மட்டுமே. கோலுக்கான சிம்புகளைப் போடும் முன் அதே மூங்கிலின் கழிவுத் துண்டுகளை 8, 12, 16 நிமிடங்களுக்குத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஆறியதும் ஒவ்வொன்றின் ஒரு முனையையும் பட்டறைப் பிடியில் கடித்து, மறுமுனையில் ஒரே அளவு எடையைத் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எடையை எடுங்கள். எது அதிகமாக நிமிர்கிறதோ அது நல்லது. அதோடு நிறுத்தாமல் அதை ஒடித்தும் பாருங்கள். நீளநீளமான நாராகப் பிளந்து, விடாப்பிடியாக ஒடிந்தால் பதம் சரி. கேரட்டை ஒடிப்பதுபோல் பட்டென்று குட்டையாக முறிந்தால் சூடு மிஞ்சிவிட்டது. எவ்வளவு நன்றாக நிமிர்ந்தாலும் அந்த நேரத்தை விட்டுவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். வெளிர் வைக்கோல் நிறம் லேசான தேன் நிறமாக மாறும் என்பது பொதுவான அடையாளம்தான், மூங்கிலுக்கு மூங்கில் அது மாறும்.

எடுத்த கட்டை நூலைப் பிரிக்காமல் நேரான பலகையில் ஆறவிடுங்கள். பதப்படும்போது சிம்பு கொஞ்சம் சுருங்கும், அதனால் இறுதி இழைப்பு எப்போதும் இதற்குப் பிறகுதான். முதலில் இழைக்கும்போதே அரை மி.மீ.க்குக் குறையாமல் கனம் விட்டு வையுங்கள். உடனே இழைக்க முடியாவிட்டால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய குழாயில் வையுங்கள். ஈரம் குடிப்பது குறைந்திருக்கிறதே தவிர நின்றுவிடவில்லை. மழைக்காலத்தில் வெளியே கிடந்தால் ஒட்டும் நேரத்தில் மறுபடி உலர்த்தவேண்டி வரும்.